பிள்ளைகளின் முதலாவது சுயவிபரக்கோவை

கோடை விடுமுறை நெருங்கும் மாதங்களில் எமது இல்லங்கள் பலவற்றிலும் ஒரே பேச்சு எழுகின்றது. பத்தாம், பதினோராம் வகுப்பில் பயிலும் பிள்ளை பகுதிநேர வேலை தேட விரும்புகின்றது. கடையிலே சென்று விசாரித்தால், 'றெசுமே இருக்கின்றதா?' என்று கேட்கின்றார்கள். வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தால், பெயரும் தொலைபேசி இலக்கமும் பாடசாலையும் எழுதிய பின்னர் தாளின் மீதிப் பகுதி வெறுமையாகவே கிடக்கின்றது. 'எனக்கு ஓர் அனுபவமும் இல்லையே, எதை எழுதுவது?' என்று பிள்ளை கேட்கின்றது. தாய் தந்தையரிடமும் இதற்கு விடை இருப்பதில்லை.

இதில் வியப்பதற்கு எதுவுமில்லை. 1986 ஓகஸ்ட் மாதத்தில் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளிலிருந்து எம்மவர் 155 பேர் மீட்கப்பட்ட காலத்திலும், அதனைத் தொடர்ந்து வந்த ஆண்டுகளிலும் ரொறன்ரோவை வந்தடைந்தவர்களுள் மிகப் பலர் தமது முதல் வேலையை ஒரு தாளைக் காட்டிப் பெற்றவர்கள் அல்லர். முன்னரே உணவகத்தின் சமையற்கட்டிலோ தொழிற்சாலையிலோ வேலைக்குச் சேர்ந்திருந்த நண்பர் ஒருவர் அழைத்துச் சென்று மேற்பார்வையாளரிடம் அறிமுகப்படுத்தினார். மறுநாளே வேலை தொடங்கியது. ஆதலால் பிள்ளை எழுத முனையும் இத்தாள், பல வீடுகளில் அந்த வீட்டின் முதலாவது சுயவிபரக்கோவையாகவும் அமைந்துவிடுகின்றது. அதனைச் செம்மையாக எழுதும் முறையைப் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து வாசிக்கத்தக்க வகையில் இங்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

நாம் முன்னரே எழுதிய படிவம்

இத்தகைய எழுத்து எமக்குப் புதிது என்று கருதவேண்டியதில்லை. அகதிக் கோரிக்கையை முன்வைத்த ஒவ்வொரு குடும்பமும் இதைவிடக் கடினமான ஒரு படிவத்தை எழுதியிருக்கின்றது. 2012ஆம் ஆண்டு டிசெம்பர் வரை அது தனிநபர் தகவல் படிவம் என்ற பெயரைக் கொண்டிருந்தது, 'பீ.ஐ.எவ்.' என்றால் எம்மவருள் தெரியாதார் இல்லை. அதன் பின்னர் வந்தோர் கோரிக்கையின் அடிப்படையைக் கூறும் வேறொரு படிவத்தை நிரப்பினர். எந்த ஊர், எந்த மாதம், எவர் முன்னிலையில், எத்தனை நாட்கள் என்று ஒவ்வொன்றையும் நினைவிலிருந்து தோண்டியெடுத்து எழுதினோம். மிகைப்படுத்தினால் நம்பமாட்டார்கள், திகதி பிழைத்தால் விசாரணையில் கேட்பார்கள், எழுதியதை வாயாலும் சொல்லவேண்டியிருக்கும் என்பதை அறிந்தே எழுதினோம்.

நல்ல சுயவிபரக்கோவையும் இவ்விதிகளுக்கே கட்டுப்பட்டது. இடம், காலம், அளவு ஆகியன தெளிவாக இருத்தல் வேண்டும். எழுதிய ஒவ்வொரு வரியையும் நேர்முகத் தேர்விலே நேர்நின்று விளக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும். ஆயினும் இரண்டிற்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அங்கே எமக்கு என்ன நேர்ந்தது என்பதை எழுதினோம். இங்கே நாம் என்ன செய்தோம் என்பதை எழுதவேண்டும். எமது பிள்ளைகளின் தாள்கள் வெறுமையாகக் கிடப்பதற்கு, தாம் செய்தவற்றை அவர்கள் செயல் என்று எண்ணாததே முதற் காரணம் என்பது எமது துணிபு.

நிறைகுடம் தளம்பாது என்று சொல்லிப் பிள்ளைகளை வளர்த்தோம். தன்னைத் தானே புகழ்தல் இழுக்கு என்றும் கற்பித்தோம். இவை நல்ல பாடங்களே. ஆனால், 'சனிக்கிழமைதோறும் பதினைந்து சிறுவர்களுக்கு வாசிக்கக் கற்பித்தேன்' என்று எழுதுவது தற்புகழ்ச்சியாகாது. அது நடந்ததைக் கூறும் சாட்சியம். 'நான் மிகத் திறமைசாலி, கடும் உழைப்பாளி' என்று எழுதுவதுதான் தற்புகழ்ச்சி. அதனை எந்த முகாமையாளரும் பொருட்படுத்துவதில்லை. செய்ததைச் சொன்னால், திறமையை வாசிப்பவரே உணர்ந்துகொள்வார்.

ஊர்ப் 'பயோடேற்றா' இங்கு உதவாது

இலங்கையில் வேலைக்கு விண்ணப்பித்த அனுபவமுள்ள பெற்றோரும் உறவினரும் பிள்ளைக்கு உதவ முன்வரும்போது ஊர் வழக்கப்படியான 'பயோடேற்றா'வையே மனத்திற் கொள்கின்றனர். பிறந்த திகதி, வயது, தந்தையின் பெயர், சமயம், மணமானவரா, தேசிய அடையாள அட்டை இலக்கம் என்பன அதில் வரிசையாக இடம்பெறும். சில வேளைகளில் படமும் ஒட்டப்படும். ரொறன்ரோவில் எழுதும் சுயவிபரக்கோவையில் இவற்றுள் ஒன்றேனும் இடம்பெறலாகாது. ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டக்கோவை, வேலை விண்ணப்பத்தில் இனம், பிறந்த இடம், சமயம், குடியுரிமை, குடும்ப நிலை முதலியவற்றைக் கேட்பதைத் தடைசெய்துள்ளது. கேட்கக் கூடாதவற்றை நாமே வலிந்து கொடுப்பது எதற்கு? சட்டப்படி கனடாவில் வேலை செய்ய உரிமை உண்டா என்று மட்டும் தொழில் வழங்குநர் கேட்கலாம். அதற்கு ஆம், இல்லை என்ற விடை போதுமானது.

இவற்றுள் 'சின் நம்பர்' என நாம் அழைக்கும் சமூகக் காப்புறுதி இலக்கம் தனியாகக் குறிப்பிடத்தக்கது. அதனைச் சுயவிபரக்கோவையிலோ விண்ணப்பத்திலோ ஒருபோதும் எழுதவேண்டாம். வேலைக்குச் சேர்த்துக்கொண்ட பின்னர்தான், தொடங்கிய மூன்று நாட்களுக்குள், தொழில் வழங்குநர் அதனைக் கேட்டுப் பெறவேண்டும் என்பது நடைமுறை. பிறர் கையிற் சிக்கினால் எமது பெயரில் கடன் எடுக்கவும் அந்த இலக்கம் போதும். மேலும், தற்காலிக நிலையில் இருப்போரின் இலக்கம் 9இல் தொடங்குவதனால், அகதிக் கோரிக்கை முடிவுறாத குடும்பங்களின் நிலையையும் அது வெளிப்படுத்திவிடும்.

அவ்வாறே நாட்டைவிட்டு வந்த கதைக்கும் இத்தாளில் இடமில்லை. அதற்காக நாணவேண்டும் என்று நாம் கூறவில்லை. அக்கதை எமக்குரியது, விரும்பியவருக்கு, விரும்பிய வேளையிற் கூறத்தக்கது. கோப்பிக்கடை முகாமையாளர் அதனைக் கேட்கும் உரிமை உடையவர் அல்லர். பிள்ளையும் அதனைச் சொல்லி இரக்கத்தைப் பெறவேண்டிய நிலையில் இல்லை.

பெயர் என்னும் முதல் வரி

தாளின் தலைப்பில் பெயர் வரவேண்டும். எம்மவருக்கு இதுவே முதற் சிக்கல். தந்தையின் பெயரை முன்னும் தன் பெயரைப் பின்னும் எழுதுவது எமது வழக்கம். குடும்பப் பெயர் என்பது எம்மிடம் இல்லை. இந்நாட்டின் பத்திரங்களிலோ இறுதியில் வருவது குடும்பப் பெயர். ஆகையால் முகாமையாளர் தொலைபேசியில் அழைத்துத் தகப்பனாரின் பெயரைச் சொல்லிக் கேட்க, வீட்டிலிருப்பவர்கள் அவர் வேலைக்குப் போய்விட்டார் என்று கூறி வைத்துவிடுகின்றார்கள்! தன்னை அழைக்கவேண்டிய பெயரை முதலிலும், பத்திரங்களிற் குடும்பப் பெயராகப் பதிவாகியுள்ளதை இறுதியிலும், தடித்த எழுத்திற் பிள்ளை எழுதட்டும். விண்ணப்பம், மின்னஞ்சல், சுயவிபரக்கோவை ஆகிய மூன்றிலும் பெயர் ஒரே மாதிரியாக இருக்கட்டும்.

நீண்ட பெயரைச் சுருக்குவதா, ஆங்கிலப் பெயர் ஒன்றை வைத்துக்கொள்வதா என்ற கேள்வியும் இளையோரிடையே எழுகின்றது. இது வீண் அச்சம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. ரொறன்ரோப் பல்கலைக்கழகப் பொருளியலாளர் பிலிப் ஓரியோபொலஸ் 2011இல் வெளியிட்ட ஆய்விலே, ஏறத்தாழ 13,000 கற்பனைச் சுயவிபரக்கோவைகள் இந்நகரத்துத் தொழில் விளம்பரங்களுக்கு அனுப்பிவைக்கப்பட்டன. இந்திய, பாகிஸ்தானிய, சீன, கிரேக்கப் பெயர்களைக் கொண்ட விண்ணப்பங்களுக்கு ஆங்கிலப் பெயர்களைக் கொண்டவற்றைவிடக் குறைவாகவே அழைப்புகள் வந்தன. ஆகவே பெயரைக் கண்டு தாளை ஒதுக்குவோர் உளர் என்பது மெய். எனினும் குறை வாசிப்பவரிடம் உள்ளதேயன்றிப் பெயரில் இல்லை. நண்பர்களும் ஆசிரியர்களும் வழக்கமாக அழைக்கும் சுருக்கப் பெயர் இருப்பின் அதனை எழுதுவதிற் பிழையில்லை. ஒருநாளும் எவரும் அழைத்திராத பெயரைத் தாளுக்காகச் சூடிக்கொள்வதா என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும், பெற்றோர் வற்புறுத்தவேண்டாம். பதிலில்லாத ஒவ்வொரு விண்ணப்பமும் தன் குறைபாட்டின் விளைவு என்று பிள்ளை மனம் சோராதிருக்கவே இந்த ஆய்வை இங்கு குறிப்பிட்டோம். பத்து இடங்களில் கேட்டுப் பதில் வராவிடின் இருபது இடங்களில் கேட்கவேண்டும்.

பெயருக்குக் கீழே நகரம், தொலைபேசி இலக்கம், மின்னஞ்சல் முகவரி ஆகியன போதும். மின்னஞ்சல் முகவரி தன் பெயரிலேயே அமையட்டும். நடிகரின் பட்டப்பெயரில் வேண்டாம். தொலைபேசியில் பதிவுசெய்யும் குரற்செய்தி திரைப்பாடலாக இல்லாமல், பெயரைத் தெளிவாகக் கூறுவதாக இருக்கட்டும்.

அனுபவம் எங்கே இருக்கின்றது?

இனி, வெறுமையான பகுதிக்கு வருவோம். சம்பளம் பெற்ற வேலை மட்டுமே அனுபவம் என்ற எண்ணத்தை முதலில் நீக்கவேண்டும். 1999ஆம் ஆண்டு முதல் ஒன்ராறியோவில் உயர்பாடசாலைப் பத்திரம் பெறுவதற்கு 40 மணித்தியாலச் சமூக சேவை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பல மாணவர் இதனைக் கையொப்பம் வாங்கித் தீர்க்கும் கடமையாகவே கருதுகின்றனர். வேலை தேடும்போது அந்த 40 மணித்தியாலமே முதற் சான்று. நூலகத்திற் சிறுவருக்குக் கதை வாசித்தல், உணவு வங்கியிற் பொருட்களைப் பிரித்து அடுக்குதல், முதியோர் இல்லத்தில் உதவுதல் முதலியன வேலைத்தளத்தில் வேண்டப்படும் பழக்கங்களையே தருகின்றன. ஆதலால் எங்கே தொண்டு செய்வது என்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே சிந்தித்துத் தேர்தல் நன்று. பாடசாலை வழியாகக் கிடைக்கும் 'கோ-ஒப்' பயிற்சியும் சம்பளமற்றதாயினும் வேலை அனுபவமே; நிறுவனத்தின் பெயருடன் எழுதலாம்.

எமது சமூகத்துப் பிள்ளைகளுக்கு இதற்கு அப்பாலும் அனுபவம் உண்டு. கோயில் அன்னதானத்திலும் தேவாலய நிகழ்விலும் நூற்றுக்கணக்கானோருக்கு உணவு பரிமாறியவர்கள் இருக்கின்றார்கள். ஊர்ச்சங்கத்தின், பழைய மாணவர் சங்கத்தின் ஒன்றுகூடலில் வாயிலில் நின்று நுழைவுச்சீட்டும் பணமும் கணக்கு வைத்தவர்கள் இருக்கின்றார்கள். ஸ்காபரோவின் மார்க்கம் வீதியில் 2015 முதல் நடைபெறும் தமிழர் தெருவிழாவிலே தொண்டராக நின்றவர்கள் இருக்கின்றார்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஆசிரியருக்கு உதவியவர்கள், நடன அரங்கேற்றத்திற்கு ஐந்து ஆண்டுகள் இடையறாது பயின்றவர்கள், துடுப்பாட்டக் குழுவிற்கு விளையாட்டு அட்டவணை தயாரித்தவர்கள் எனப் பட்டியல் நீளும். சமயச் சார்பு வெளிப்படுவதை விரும்பாதவர் 'சமூகச் சமையற்கூடம்' என்று எழுதினாலும் போதுமானது; செய்த வேலை மாறுவதில்லை.

வீட்டுக்குள் நடப்பவையும் உண்டு. தாத்தாவுடன் வைத்தியசாலைக்குச் சென்று மொழிபெயர்த்தது, அரசாங்கக் கடிதங்களை வாசித்துத் தாய்க்கு விளக்கியது, தொலைபேசி நிறுவனத்துடன் கட்டணம் பற்றி வாதாடியது என்று எமது பிள்ளைகள் பத்து வயதிலிருந்தே செய்துவரும் பணிகள் அவை. வீட்டுக் கடமைகள் 40 மணித்தியாலச் சேவையிற் சேரமாட்டா. ஆயினும், தமிழிலும் ஆங்கிலத்திலும் சரளமாகப் பேசி மூத்தோருக்கு விளக்கக்கூடியவர் என்பது ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ உள்ள மருந்துக்கடைக்கும் வங்கிக்கும் பல் வைத்தியரின் அலுவலகத்திற்கும் பெறுமதியான தகைமை. 'மொழிகள்' என்ற தலைப்பின்கீழ் அதனைத் துணிந்து எழுதவேண்டும். தமிழில் எழுதவும் வாசிக்கவும் தெரியுமாயின் அதனையும் தனியே குறிப்பிடவேண்டும்.

ஒரு வரியை எழுதும் முறை

செயலைக் கூறும் சொல், செய்த இடம், காலம், அளவு, அதனால் விளைந்தது ஆகிய ஐந்தும் இயன்றவரை ஒரே வரியில் அமையவேண்டும். எடுத்துக்காட்டாகச் சில கற்பனை வரிகளைத் தருகின்றோம்.

'தமிழ்ப் பாடசாலையில் உதவி செய்தேன்' என்பது வெறுமையான வரி. 'ஸ்காபரோவில் உள்ள சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலே 2024 செப்ரெம்பர் முதல் 2025 யூன் வரை ஆசிரியருக்கு உதவினேன். 18 சிறுவர்களின் வரவைப் பதிந்தேன். வாசிப்பிற் பின்தங்கிய நால்வருக்குத் தனியாகக் கற்பித்தேன்' என்பது நிறைவான வரி.

'கோயில் தொண்டு' என்பதற்குப் பதிலாக, 'மூன்று நாள் விழாவில் எண்மர் கொண்ட குழுவுடன் உணவு பரிமாறினேன். பந்தி முடிந்ததும் மேசைகளைத் துப்புரவாக்கி, அடுத்த பந்திக்கு ஆயத்தம் செய்தேன்' என்று எழுதினால், உணவக முகாமையாளர் தமது கடையின் மதிய நேரத்தையே அதிற் காண்பார்.

ஆங்கிலத்தில் எழுதும்போது 'நான்' என்ற சொல்லைத் தவிர்த்து, வினைச்சொல்லிலேயே வரியைத் தொடங்குவது இங்குள்ள வழக்கம். கற்பித்தேன், ஒழுங்குசெய்தேன், பரிமாறினேன், பதிந்தேன் என்ற பொருளுள்ள எளிய வினைச்சொற்களே போதும். அகராதியைப் புரட்டிப் பெரிய சொற்களைத் தேடவேண்டாம்.

மாணவருக்கு ஒரு பக்கம் தாராளம். தலைப்பின் பின்னர், எவ்வேலையை நாடுகின்றார், எந்நாட்களில் வரமுடியும் என்று இரண்டு வரிகள். அதன்பின் கல்வி, அனுபவமும் தொண்டும், திறமைகளும் மொழிகளும் என்ற ஒழுங்கு நன்று. அண்மையில் நடந்ததை முதலிலும் பழையதைப் பின்னரும் எழுதவேண்டும். திகதிகளில் மாதத்தைச் சொல்லிலேயே எழுதுவது உத்தமம். ஊரிலே நாளை முதலில் எழுதிப் பழகியவர்கள் நாம். இங்கு பலர் மாதத்தை முதலில் எழுதுகின்றார்கள். இலக்கத்தில் மட்டும் எழுதினால் நான்காம் மாதம் ஏழாம் திகதி, ஏழாம் மாதம் நான்காம் திகதியாகிவிடும்.

அண்மையில் இலங்கையிலிருந்து வந்த மாணவர், க.பொ.த. சாதாரண தரம், உயர்தரம் என்று அப்படியே மொழிபெயர்த்து எழுதினால் இங்குள்ளோருக்கு விளங்காது. 'இலங்கையில் 11ஆம் ஆண்டு முடிவில் நடைபெறும் தேசியப் பரீட்சை' என்று ஒரு சிறு விளக்கம் சேர்க்கலாம். போரினாலோ பயணத்தினாலோ கல்வி தடைப்பட்ட ஆண்டுகளுக்கு விளக்கம் எழுதவேண்டியதில்லை. இப்போது பயிலும் பாடசாலையும் வகுப்பும் எழுதினாற் பகுதிநேர வேலைக்கு அதுவே போதும்.

பொய்யும் சாட்சியும்

ஆயிரம் பொய் சொல்லியேனும் ஒரு கலியாணத்தைச் செய் என்பார்கள். சுயவிபரக்கோவைக்கு ஒரு பொய்யும் ஆகாது. மாமாவின் கடையில் ஒரு நாளும் நிற்காதவர் ஈராண்டு காசாளராக இருந்தேன் என்று எழுதினால், முதல் நாளிலேயே காசுப் பெட்டிக்கு முன்னால் உண்மை வெளிப்பட்டுவிடும். மாமாவின் கடையில் உண்மையாகவே நின்றிருந்தால் தாராளமாக எழுதலாம். அடுக்கிய பொருளையும் கவனித்த வாடிக்கையாளரையும் சொல்லலாம்.

சான்று கூறுவோர் இருவரை முன்கூட்டியே தேடிவைத்தல் அவசியம். உறவினர் தவிர்ந்த பாடசாலை ஆசிரியர், தமிழ் வகுப்பாசிரியர், விளையாட்டுப் பயிற்றுநர், தொண்டு செய்த இடத்தின் பொறுப்பாளர் ஆகியோர் பொருத்தமானவர். அவர்களிடம் சம்மதம் பெறாமற் பெயரைக் கொடுக்கலாகாது. அவர்களது விபரங்களைத் தனித்தாளில் வைத்திருந்து, கேட்கும்போது மட்டும் கொடுத்தல் போதும்.

எழுதி முடித்ததைப் பெற்றோர் வாசிக்கக் கேட்கட்டும். ஆங்கிலம் அறியாத தாயும் இதிற் பெரிதும் உதவமுடியும். 'இதை நீ எப்போது செய்தாய்? எத்தனை பேர் வந்தார்கள்? பிறகு என்ன நடந்தது?' என்று அவர் தமிழிற் கேட்கும் கேள்விகளே நேர்முகத் தேர்விலும் வரும். விடை சொல்ல இயலாத வரியை நீக்கிவிடலாம். தாய் நினைவூட்டுகின்ற, பிள்ளை மறந்துவிட்ட ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இயந்திரம் வாசிக்கும் காலம்

இன்று பெரிய நிறுவனங்கள் விண்ணப்பங்களை இணையத்தின் வழியாகவே பெறுகின்றன. பல இடங்களில் மனிதருக்கு முன்னர் கணினி மென்பொருளே அவற்றை வாசித்துப் பிரிக்கின்றது. கட்டங்களும் படங்களும் அலங்கார எழுத்துகளும் அதனைக் குழப்பக்கூடும். ஆகவே எளிய வடிவமே நன்று. விளம்பரத்தில் உள்ள சொற்களுள் எமக்கு உண்மையாகவே பொருந்துபவற்றை அதே சொற்களில் எழுதவேண்டும். 'வாடிக்கையாளர் சேவை' என்று அவர்கள் கேட்டிருந்தால், 'மக்களுக்கு உதவி' என்று மாற்றி எழுதவேண்டாம்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் ஒரு பக்கத்தை எழுதித் தந்துவிடும் என்பதைப் பிள்ளைகள் அறிவார்கள். எழுத்துப் பிழை பார்க்க அவை உதவலாம். ஆனால் அவை தரும் பக்கங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். செய்யாததையும் செய்ததாகச் சேர்த்துவிடும். சனிக்கிழமை வகுப்பில் வாசிப்புக்குத் திணறிய நால்வரை அந்தச் செயலி அறியாது. அகதிப் பத்திரங்களையோ 'சின்' இலக்கத்தையோ அவற்றில் இடவே கூடாது.

சிறிய கடைகளுக்கு நேரிற் சென்று கொடுத்தல் இன்றும் பயனுள்ளது. வாடிக்கையாளர் நெருங்கி நிற்கும் மதிய வேளையைத் தவிர்த்து, முற்பகலிலோ பிற்பகல் மூன்று மணியளவிலோ செல்லவேண்டும். முகாமையாளர் இருக்கின்றாரா என்று கேட்டு, பெயரைச் சொல்லி, தாளைக் கையிற் கொடுக்கவேண்டும். நண்பர்கள் ஐவராகக் கூடிச் செல்லலாகாது.

உரிமைகளும் எல்லைகளும்

அகதிக் கோரிக்கை முடிவுறாத நிலையில் உள்ள குடும்பங்களில், வேலைக்குச் செல்ல விரும்பும் ஒவ்வொருவரும் தத்தம் பெயரில் வேலை அனுமதிப்பத்திரம் பெற்றிருக்கவேண்டும். தந்தையின் அனுமதி மகனுக்குச் செல்லாது. கடை, அலுவலகம் போன்றவற்றில் வேலை செய்ய ஒன்ராறியோவில் 14 வயதாகியிருக்கவேண்டும். தொழிற்சாலைக்கு 15, கட்டட வேலைக்கு 16. பாடசாலை நேரத்தில் வேலைக்குச் செல்லலாகாது.

2025 ஒக்ரோபர் 1இல் ஒன்ராறியோவின் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் மணித்தியாலத்திற்கு 17.60 டொலராகவும், மாணவருக்கான சம்பளம் 16.60 டொலராகவும் உயர்த்தப்பட்டன. பாடசாலைக் காலத்தில் வாரத்திற்கு 28 மணித்தியாலத்திற்கு மேற்படாமலோ விடுமுறைக் காலத்திலோ வேலை செய்யும் 18 வயதுக்குட்பட்ட மாணவருக்கே இரண்டாவது தொகை உரியது. இதற்குக் குறைவாகக் கைக்காசாகக் கொடுக்கும் வேலைகள் எமது சமூகத்திலும் உள்ளன. அறிந்தவர் கடை என்று பிள்ளையை அங்கு விடுமுன் ஒன்றைச் சிந்திக்கவேண்டும். சம்பளப் பற்றுச்சீட்டு இல்லாத வேலைக்கு நாளை எவரும் சாட்சி சொல்வதில்லை. உழைத்த மாதங்கள் தாளில் ஏறாமலே போய்விடும்.

'கனடிய அனுபவம் உண்டா?' என்ற கேள்வி எம்மவரை நீண்டகாலம் வாட்டியது. ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு 2013இல் அதனைப் பாரபட்சமான தடை எனத் தன் கொள்கையில் அறிவித்தது. 2026 சனவரி 1 முதல், 25 பேருக்குக் குறைவானோரைக் கொண்ட சிறு நிறுவனங்கள் தவிர்ந்த ஏனையவை, பகிரங்கத் தொழில் விளம்பரங்களிற் கனடிய அனுபவத்தை நிபந்தனையாக விதிப்பது சட்டத்தாலும் தடுக்கப்பட்டுள்ளது. சம்பள அளவையும் விளம்பரத்திற் காட்டவேண்டும். ஊரிற் செய்த தொண்டையும் வேலையையும் எழுதத் தயங்குவோர் இதனை நினைவிற் கொள்க.

கோடைகால வேலைகளுக்கு முந்திக்கொள்ளவேண்டும். வசந்தத்திலே திறக்கப்படும் வொண்டர்லாண்ட் போன்ற இடங்கள் குளிர்காலத்திலேயே ஆட்களைத் தேடத் தொடங்குகின்றன. மத்திய அரசின் கனடா கோடைகால வேலைத்திட்டத்தின் கீழ் 15 முதல் 30 வயது வரையானோருக்கான வேலைகள் வசந்தகாலத்தில் அரசாங்க வேலை வங்கியின் இணையத்தளத்தில் வெளியாகின்றன. குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ பெற்றவர்களுடன், அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களும் இதற்குத் தகுதியுடையோர். கோரிக்கை முடிவுறாதோர் இத்திட்டத்தில் அடங்கார். ஆயினும் வேலை அனுமதிப்பத்திரத்துடன் ஏனைய வேலைகளுக்கு அவர்கள் விண்ணப்பிக்கலாம்.

வீட்டிற் கணினி இல்லாதோர் ரொறன்ரோப் பொது நூலகத்தின் மல்வேர்ண், சீடர்பிறே, அல்பியன் முதலிய கிளைகளில் இலவசமாகப் பாவிக்கலாம். 'எம்ப்ளோய்மென்ற் ஒன்ராறியோ' நிலையங்களிற் சுயவிபரக்கோவையைத் திருத்தித் தருவதற்கும் கட்டணமில்லை. பாடசாலையின் வழிகாட்டல் ஆசிரியரும் இதற்கெனவே உள்ளவர். தாளைத் திருத்தித் தருவதாகக் கூறிப் பணம் கேட்போரிடம் போகவேண்டியதில்லை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். பிள்ளை தன் சுயவிபரக்கோவையை எழுதி முடித்த கையோடு, தாயையும் தந்தையையும் அருகில் இருத்தி அவர்களுக்கும் ஒவ்வொன்று எழுதிக் கொடுக்கட்டும். உணவகத்தின் பின்கட்டில் இருபது ஆண்டுகள் உழைத்த தந்தை எத்தனை பேருக்கு வேலை பழக்கினார், தொழிற்சாலையில் நின்ற தாய் எந்த இயந்திரங்களை இயக்கினார், ஊரில் அவர் ஆசிரியராக இருந்தாரா, கூட்டுறவுச் சங்கத்திற் கணக்கெழுதினாரா என்று கேட்டு எழுதட்டும். தம் பெற்றோர் இந்நாட்டில் என்ன செய்தார்கள் என்பதைப் பல பிள்ளைகள் அப்போதுதான் முதன்முறையாக முழுமையாக அறிந்துகொள்வார்கள். வேலை மாற எண்ணியும் காட்ட ஒரு தாள் இல்லாமையால் அதே இடத்தில் நின்றுவிட்ட பெற்றோருக்கும் அது ஒரு கதவைத் திறக்கக்கூடும்.